கறுப்பு நாய்க்குப் பரிகாரச் சோறு

நாயின் எடையைப் பார்த்துவிட்டுக் கால்நடை மருத்துவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "நீங்க பாசத்துல ஒளிச்சு ஒளிச்சு சோறு போடறீங்க போலிருக்குது" என்றார். என்னைத் திருடியாக்கிவிட்டார்.

முந்தின முறையே அவர் விளக்கியிருந்தார். ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறிக் கிடக்கின்றன, இப்படியே விட்டால் நாய் பிழைக்காது. வெறும் பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் கரைந்துவிடும். சோற்றைக் குறைத்து, முட்டை வெள்ளையும் தோலுரித்து வேகவைத்த கோழிக்கறியும் அளவாகக் கொடுத்தால் கொழுப்பு குறையும், சதை நிற்கும். அப்படியேதான் செய்தேன். நான் ரசஞ்சோறு தின்றேன், நாய் கோழி தின்றது. ஆனாலும் பெருத்துக்கொண்டே போனது. நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

அந்த வாரம் லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றேன். எதிர்வீட்டு அம்மா வந்தாள். அவள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் கோணலென்று கழித்துப்போட்ட கிண்ணம் ஒன்றை என் கேட்டுக்கு அடியில் தள்ளினாள். நெய்யில் மிதக்கும் வெல்லச்சோறு. நாய் நக்கித் தின்ன, அவள் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது?" என்று வெளியே பாய்ந்தேன்.

"ஜோசியர் சொன்னாருங்க. சனிக்கிழமல கறுப்பு நாய்க்கு இனிப்பு போட்டா பையனுக்கு துபாய் விசா வந்துடுமாம். மங்கலம்பேட்டை ஏஜென்ட்டு இழுத்துக்கினே இருக்கான். அதான் தினமும் போடறேன்."

"தெருவுல கறுப்பு நாயே இல்லையா?"

"அதுங்க மேல வுழுந்து கடிக்குதுங்க. உங்களுது சாது."

என் நாய்க்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, செத்துப்போகும் என்று சொன்னேன். "சாமி பேர்ல போடறது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுவாரம் அதிரசம் சுட்டேன். அவள் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. கோதுமை உப்புமாவைப் போட்டு அவரைக் கட்டிக் காக்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தவர் கையில், பிரசாதம் என்று தட்டோடு கொடுத்தேன். அவள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் ஒன்று உள்ளே போய்விட்டது.

"சுகர்காரருக்கு இதக் குடுக்கறீங்களே, அறிவு இருக்குதா உங்களுக்கு? மனுஷனுக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

"சாமி பேர்ல குடுத்ததுங்க. ஒண்ணும் பண்ணாது."

அவள் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்கத்தான் அதிரசமே சுட்டேன். இதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நாங்கள் முறைத்துக்கொண்டு நிற்கையில் அவர் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

அதோடு கிண்ணம் நின்றது. மெல்ல மெல்ல நாய்க்கு இடுப்பு தெரிய ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. மருத்துவர் என்னைப் பாராட்டினார். நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

ஒரு காலையில் கேட் திறந்திருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் நாய் ஓடியது. நேராகத் தெருவைத் தாண்டி அவள் வாசலில் போய் நின்று, உடம்பே ஆடும்படி வாலை ஆட்டியது. நான் கத்திக் கத்திக் கூப்பிட்டேன். திரும்பியே பார்க்கவில்லை.