ஒரு மூச்சு முந்தி

என் புருஷன் வெங்கிடேஸ்வரன் பிறத்தியார் எடுத்த முப்பத்தொரு படங்களில் நடித்தார். ஒன்றில்கூட அவர் குரல் இல்லை. இதைச் சொன்னால் மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மேடையில் அவர் வாயைத் திறந்தால், மைக் செத்துப்போனாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். வீட்டில் சாம்பாருக்கு உப்பு குறைந்தால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும், அது வேறு கதை.

யூதர்கள் இருந்த ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் சரக்குத் தரம் பார்க்கிற வேலை. சாயங்காலமானால் நாடகம். தலைமுறை தலைமுறையாக இந்த மலையாள ஊரில் இருக்கிற எங்கள் தமிழ்க்காரர்களின் குழுவுக்கு அவரே கதாநாயகன், அவரே தயாரிப்பாளர். ஹால் பிடிப்பது, விக் வாடகைக்கு எடுப்பது, நாற்காலி போடுவது எல்லாம் அவர்தான். ஒன்று மட்டும் அவரால் ஆகாது. வசனம் மனசில் நிற்காது. கல்யாணமான புதிதில், வசனம் எடுத்துக்கொடுக்கிறவருக்கு ஜுரம் என்று என்னைப் படுதாவுக்குப் பின்னால் நிறுத்தினார். நான் ஒரு வரியை மெல்லச் சொல்லவேண்டும். ஒரு மூச்சு விட்டு அவர் அதையே முழங்கவேண்டும். அன்றைக்கு நின்றவள் முப்பத்தைந்து வருஷம் நின்றேன். கைத்தட்டல் அவருக்கு, கொசுக்கடி எனக்கு.

ஒருநாள் கிடங்குத் தெருவில் மலையாளப் படம் பிடிக்க வந்தார்கள். தமிழ் லாரி முதலாளி வேஷத்துக்கு ஏற்பாடு செய்த ஆள் வரவில்லை. மீசையைப் பார்த்து இவரைப் பிடித்துப் போட்டார்கள். படம் வந்ததும் சொந்தக்காரர் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தோப்பும்படி தியேட்டருக்குப் போய்ப் பார்த்தோம். திரையில் இவர் வாயைத் திறக்கிறார், வேறு எவனோ பேசுகிறான். விசாரித்தால், இவர் பேசுவது தமிழன் பேசுகிற மாதிரி இல்லையாம். பிறகு சென்னைக்குப் போய் ஒரு தமிழ்ப் படத்தில் நடித்தார். அங்கே மலையாள வாடை அடிக்கிறது என்று இன்னொருவன் குரலை ஒட்டினார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பிறந்த ஊரில் பிறந்தபடி பேசினது ஒரு குற்றமா?

அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முதல் காட்சி போவார். தன் வாய் அசைகிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். வெளியே வந்து சாயா குடிக்கும்போது மட்டும் ஒன்று சொல்வார்.

"ஒரு படத்திலேயாவது என் சப்தம் கேக்கணம் ஜெயா."

அவருக்கு வேறு ஆசை கிடையாது. புதுச் சட்டைகூட நான்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், தானே ஒரு படம் எடுப்பதென்று கிளம்பினார். எங்கள் மகள் ஸ்நேஹாவோடு காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கிருஷ்ணபிரசாத் டைரக்டர். ஒரு கிடங்குக் காவல்காரனின் கதை. முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு. குட்டி யானை வண்டியும் படகு ஹாரனும் சேர்ந்து கத்துகிற தெருவில் ஒலி சுத்தமாக வராது, அதனால் இப்போது பிடிக்கிற சப்தம் வெறும் அடையாளத்துக்குத்தான், அதற்குப் பைலட் டிராக் என்று பெயர், பின்னால் ஸ்டுடியோவில் மாமா மறுபடியும் பேசிவிடலாம் என்று கிருஷ்ணபிரசாத் விளக்கினான். எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. எப்படியும் அழிக்கப்போகிற சப்தம்தானே. நான் மிளகுச் சாக்குகளுக்குப் பின்னால் மணைபோட்டு உட்கார்ந்து, வழக்கம்போல வரிக்கு வரி எடுத்துக்கொடுத்தேன்.

ஒரே ஒரு இடத்தில் தவறினேன். காவல்காரன் வீட்டுப் படியிறங்கி, உள்ளே இருக்கிற மனைவியிடம் சொல்லிக்கொண்டு போகிற காட்சி. எங்கள் தெருவில் திரிகிற ஆடுகளைப் பற்றித் தெரியுமோ? அதில் ஒன்று பின்னால் வந்து, கதவோரம் மறைந்து நின்ற என் கையிலிருந்த வசனத் தாளைக் கவ்விக்கொண்டது. நான் இழுக்க, அது இழுக்க, இவர் படியில் நின்று என் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாயே திறக்கவில்லை. பார்த்துப் பார்த்து, கடைசியில் அவராகவே அந்த வரியைச் சொல்லிவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் தானாகச் சொன்ன ஒரே வரி. ஆட்டுக்கு நன்றி சொல் என்று அன்றைக்கு முழுதும் என்னைச் சீண்டினார்.

ஸ்டுடியோவில் பேசத் தேதி குறித்தாயிற்று. அதற்குள் தொண்டை கட்டியது. சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், பாவி நான், மூன்று வாரம் கஷாயமே கொடுத்தேன். உள்ளே இருந்தது கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கிற்று, சப்தம் போயிற்று.

கிருஷ்ணபிரசாத் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். பைலட் டிராக்கில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மாமி குரல் கேட்கிறது, பிரிக்கப் பார்த்தால் மாமா குரலும் அறுந்துபோகிறது, நல்ல டப்பிங்காரர் ஒருவர் இருக்கிறார் என்றான். அப்படியே செய்யச் சொன்னேன். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அதையும் என் வாயால் கெடுத்தேனே என்று எனக்கு அங்கே இருக்கவே முடியவில்லை. இவர் நோட்டை எடுத்தார். தமிழ் எழுத்து அவருக்குச் சரளமில்லை. மலையாள எழுத்தில் தமிழை எழுதி நீட்டினார். நான்தான் வாசித்தேன்.

"வேறே ஆள் வேண்டாம். இத்தனை நாள் கூட நின்னவள், இதிலேயும் நிக்கட்டும்."

எந்தத் தியேட்டரும் எடுக்கவில்லை. எங்கள் நாடகம் நடக்கிற ஹாலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோம். முதலில் என் முணுமுணுப்பு, பிறகு அவர் குரல். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. இவர் என் கையை விடவில்லை. அன்றைக்கு அவர் கண்ணை மூடவே இல்லை, தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் நின்றுவிட்டது. ஆடு வந்த காட்சியில் அவர் நின்ற நிலையைப் பார்த்து, என்ன நடிப்பு என்றார்கள்.

போன ஆவணியில் அவர் போய்விட்டார். ஸ்நேஹா படத்தை டிவியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் போடுகிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை, என்ன செய்ய? மற்ற இடமெல்லாம் நான் சொல்கிறேன், அவர் சொல்கிறார், இரண்டும் படத்திலேயே இருக்கிறது. அந்தப் படிக்கட்டில் மட்டும் அவர் பேசாமல் நின்று என்னைப் பார்க்கிறார். எத்தனை நேரம்தான் காத்திருப்பார்? அதனால் இப்போது, இங்கே கூடத்தில் உட்கார்ந்தபடி, நான் மெல்ல எடுத்துக்கொடுக்கிறேன்.

"கதவைத் தாழ் போட்டுக்கோ. நான் வர நேரமாகும்."

ஒரு மூச்சு விட்டு அவர் அதைச் சொல்கிறார். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகிறார். நான் தாழ் போடுவதில்லை.