லிஃப்ட் டாக்டர்

கதவில் காதை ஒட்டிக் கேட்ட பிறகுதான் லிஃப்டுக்குள் ஏறுகிறாள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால், "கொஞ்சம் இருங்க சார், மூச்சு வாங்குது," என்கிறாள். மூச்சு வாங்குவது லிஃப்டுக்கு.

எதிர்வீட்டு பஸ் டிரைவரின் இளைய மகள் அவள். கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறாள். எங்கள் கட்டடத்தில் அவளுக்கு லிஃப்ட் டாக்டர் என்று பெயர். பேருக்கேற்ற ஆள்தான். "இன்னைக்குப் படியில போங்க நர்ஸம்மா," என்று அவள் என்னிடம் சொன்ன அன்று, கேட்காமல் ஏறிய கீழ்வீட்டு வக்கீல் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கினார்.

நக இடுக்கில் எப்போதும் கிரீஸ். எலுமிச்சைத் தோலால் தேய்க்கிறாள், போவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியை ஒற்றை விரலில் நிறுத்திப் பார்ப்பாள். "சோறு ஆறுது, சயின்டிஸ்ட்," என்பாள் அக்கா.

இந்த விடுமுறைக்கு ஒரு லிஃப்ட் கம்பெனி அவளை இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டது. அவள் வகுப்பில் ஒருவருக்குத்தான் இடம். அதே நாட்களில் கல்லூரியில் கோடை வகுப்பு. அவளுக்கு ஒரு அரியர் இருக்கிறது: எந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே அறும் என்று கணக்குப் போடும் பாடம். பரீட்சையை அடுத்த செமஸ்டரிலும் எழுதலாம். உட்கார வைத்துச் சொல்லித்தருவது கோடையில் மட்டும்.

வீடே கம்பெனி பக்கம் நின்றது. அங்கே போனவர்களுக்கு வேலையும் அங்கேயே கிடைக்கிறது என்று அப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். அரியரை மனப்பாடம் செய்து தள்ளிவிடலாம் என்றாள் அக்கா. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

படுக்கையில் கிடக்கும் என் கணவரைத் திருப்பிப் போட ஒரு கை கொடுக்க வந்தவளிடம், ஏன் வகுப்புதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்டேன்.

"ரோப் தேஞ்சிருக்குன்னு சத்தத்த வெச்சே சொல்லிடுவேன் நர்ஸம்மா. இன்னும் எத்தனை பேர ஏத்தலாம்னு கேட்டா முழிக்கிறேன். அது தெரியாம, ஆளுங்க ஏறுற பெட்டியில கை வைக்க மாட்டேன்."

"அடுத்த வருஷம் கூப்பிடலன்னா?"

"கூப்பிட மாட்டாங்க. கேட்டுட்டேன்."

கண் வீங்கியிருந்தது. அவள் தலையணை உறையை இழுத்துச் சுருக்கம் எடுத்தாள்.

போனில் சொல்லாமல் நேரில் போய் மறுத்துவிட்டு வந்தாள். அப்பா சில நாள் முகம் கொடுக்கவில்லை. இடம் அவள் தோழிக்குப் போயிற்று.

இன்று காலை அந்தத் தோழி கம்பெனிக்குப் போகிற வழியில் இவளைப் பார்க்க வந்தாள். காலில் செருப்பு. இவள் வகுப்புக்குக் கிளம்பி, பை தோளில் தொங்க நின்றவள், அவள் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கம்பெனிக்கென்று தனக்கு வாங்கி வைத்திருந்த கனத்த பூட்ஸோடு வெளியே வந்தாள்.

"செருப்போட போனா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்கடி. கால நீட்டு."

ஒரு சைஸ் பெரிது. பழைய செய்தித்தாளைக் கசக்கி முனையில் திணித்தாள். தோளிலிருந்த பையை இறக்காமலே மண்டியிட்டு லேஸைக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, தாங்குமா என்று பலமாக ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.