அம்மா சொன்ன பதில்

ஞானஸ்நானத் தொட்டியில் பேத்தி இறங்கியதும் நனைந்த பருத்தித் துணியின் வாசம் வந்தது. எனக்குள் குற்றாலச் சாரல் அடித்தது.

அறுபதுகளில் ஓர் ஆடி மாதம். எங்கள் பாப்டிஸ்ட் சபையார் கரையில் நிற்க, அம்மா சிற்றாற்றில் இடுப்பளவு நீரில் நின்றாள். “இயேசுவை விசுவாசிக்கிறீர்களா?” என்று போதகர் கேட்டார். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்காகப் பதில் சொல்லியே பழகிய அப்பா, கரையிலிருந்து, “ஆமா, விசுவாசிக்கா” என்றார்.

“அண்ணாச்சி, நம்ம சபையில ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்ல முடியாது” என்றார் போதகர்.

அம்மா நிமிர்ந்தாள். “விசுவாசிக்கேன். யாரும் சொல்லி வரல, நானாத்தான் வந்திருக்கேன்!”

அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ தென்காசி பஸ்ஸில் எல்லாரிடமும், “எம் பொண்டாட்டி சொன்னதக் கேட்டியளா?” என்று பூரித்துக்கொண்டே வந்தார்.

இங்கே போதகர் பேத்தியிடம் அதே கேள்வியைக் கேட்டார். பக்கத்திலிருந்த என் மகன் வாயைத் திறந்தான். அவன் கையை அழுத்திப் பிடித்தேன்.

“சும்மா இருலே. அவ சொல்லுவா.”