பெரியகல்லாற்றில் எதிராளியின் பக்கம்

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு நாவற்குடாவில் கல்முனை பஸ் ஏறினோம். பெரியகல்லாற்றுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். என்னோடு வந்தவர் றெஜினா, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் மெய்யியல் கற்பிக்கிறவர். இடைக்கால ஐரோப்பாவின் கிறிஸ்தவ மெய்யியல் அவருடைய பாடம். திருச்சியில் அதே பாடத்துக்கு நான் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கலைச்சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் மட்டக்களப்புக்கு வந்திருந்தேன். இரண்டு நாட்கள் அதில் கழிந்தன. மூன்றாம் நாள், தன் பிறந்த ஊரான பெரியகல்லாற்றில் ஒரு பிணக்கைத் தீர்க்கத் தன்னை அழைத்திருப்பதாகவும் விரும்பினால் நானும் வரலாம் என்றும் சொன்னார்.

முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. வீதி நடுவே பேரீச்ச மரங்கள். கிரேக்க மெய்யியலை இடைக்காலக் கிறிஸ்தவத் துறவிகள் முஸ்லிம் அறிஞர்கள் எழுதிய உரைகளின் துணையோடுதான் படித்தார்கள் என்பதை, இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாராம் றெஜினா. அந்த உரைகளோடு முரண்பட்ட இடங்களிலும் அவற்றை முழுதாக எடுத்துச் சொல்லிவிட்டே மறுத்தார்கள். அக்காலப் பல்கலைக்கழக வாதங்களின் ஒழுங்கே அதுதான்: முதலில் எதிர்த்தரப்பு, பிறகே தன் விடை. அதே காலத்தில்தான் மாற்றுக் கருத்துக்காரர்களை எரித்தார்கள் என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒழுங்கு ஏட்டோடு நின்ற இடங்களில் எரித்தார்கள் என்றார்.

எட்டேகாலுக்கு இறங்கினோம். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவில் ஊர். மீனவர் சங்கக் கட்டடத்தில் இருபது பேர் வரை இருந்தார்கள். யோகராசா வாவியின் ஓடையில் இறால் வலை கட்டுகிறவர். ஒரு வாரத்துக்கு முன் அந்த வலையை அவருடைய மச்சான் சிவலிங்கம் வெட்டிவிட்டார். யோகராசாவின் மனைவி புனிதம் சிவலிங்கத்தின் தங்கை. திங்கட்கிழமை பொலிஸில் முறையிடுவது என்று யோகராசா முடிவெடுத்திருந்தார். முறையிட்டால் இரண்டு வீடும் முறிந்துவிடும் என்றுதான் சங்கத்தார் றெஜினாவை அழைத்திருந்தார்கள்.

அவர் விதித்தது ஒரே நிபந்தனை. "மற்றவர்ர பக்கத்த முதல்ல நீங்க சொல்லோணும். அவர் 'ஓம், அதுதான்' எண்டு ஒத்துக்கொண்ட பிறகுதான் உங்கட கதை."

யோகராசா எழுந்து, சிவலிங்கத்துக்குப் பொறாமை என்று தொடங்கினார். அது சிவலிங்கத்தின் பக்கம் இல்லை என்று றெஜினா நிறுத்தினார். இரண்டாம் முறை, குடிவெறி என்றார். மறுபடி நிறுத்தினார். யோகராசா வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திரும்பி வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"ஓடையக் குறுக்கால அடைச்சு நான் வலை கட்டினா, அவன்ர பக்கம் இறால் ஏறாது," என்றார். குரல் இறங்கியிருந்தது. "மூண்டு தரம் வீட்ட வந்து சொன்னான். நான் கழட்டல்ல."

மூன்று முறை வந்து கேட்டது அங்கே எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சிவலிங்கம் தரையைப் பார்த்தபடி, "ஓம், அதுதான்," என்றார்.

அடுத்து அவர் முறை. பாடுபட்டு வாங்கிய வலை, மச்சானுக்கு வேறு தொழில் இல்லை என்று தடையில்லாமல் சொல்லிக்கொண்டு போனவர் திடீரென்று நின்றார்.

"அந்த வலைக்கு மிதப்புக் கட்டினது என்ர தங்கச்சி. ரெண்டு மாசம் இருந்து கட்டினவ. அதையும் சேத்துத்தான் வெட்டியிருக்கன்."

யோகராசா ஓம் என்று தலையை ஆட்டினார்.

அதன் பிறகு பேச்சு விரைவாக முடிந்தது. ஓடையில் பாதி அகலத்தைத் திறந்து விடுவது, அறுந்த வலையைச் சிவலிங்கமே பின்னிச் சரிசெய்து கொடுப்பது, பொலிஸுக்குப் போவதில்லை. கைகுலுக்கிக்கொள்ளவில்லை. சங்கத்தார் எழுந்துவிட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து புனிதம் பேசினார்.

"ஒரு கிழமையா அண்ணன்ர வீட்டுக்கும் போகேலாம, என்ர வீட்டிலயும் வாய் திறக்கேலாம இருந்தனான். என்ர பக்கத்த ஆர் சொல்லப்போறீங்க?"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கணவரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று யோகராசா தொடங்கினார். சிவலிங்கம் அதோடு சேர்த்தார். நாலைந்து இடங்களில் புனிதம் திருத்தினார். அந்தத் திருத்தல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. கடைசியில், "ஓம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டரைக்குத் திரும்பும் பஸ் கிடைத்தது. கிறிஸ்தவ வேதத்தை ஏற்காதவர்களுக்கும் இந்த மெய்யியலால் பயன் உண்டா என்று கையேட்டில் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். அதை மாற்ற வேண்டும் என்று றெஜினாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

திருச்சியில் நானும் என் தம்பியும் அடுத்தடுத்த தெருக்களில்தான் வசிக்கிறோம். அப்பாவின் வீட்டை விற்றதிலிருந்து பேச்சில்லை. ஜன்னலோரம் அமர்ந்து, அவன் பக்கத்தை அவன் ஒப்புக்கொள்ளும்படி மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். களுவாஞ்சிக்குடி போய், செட்டிபாளையம் போய், ஆரையம்பதியும் போயிற்று. முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை.