அத்தான் படகுக்கு ஒரு வண்டி

தீபாவளி முடிந்துவிட்டால் எங்கள் அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். சிவகாசியில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிற கம்பெனி அவருடையது. ஆடி, ஆவணியில் மூச்சு விட நேரமிருக்காது. ஐப்பசி போனதும் மிஷின்களுக்குத் துணியைப் போர்த்திவிட்டு விருதுநகர் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு வருஷம் முயல் வளர்த்தார். ஒரு வருஷம் ஆர்மோனியம் கற்றார். முயல்கள் பெருகின. ராகங்கள் பெருகவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு நல்ல மழை வருஷத்தில், ஆனைக்குட்டம் அணை தளும்பிக் கிடக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். அத்தான் படகு செய்ய உட்கார்ந்துவிட்டார்.

படகு என்றால் முன்பக்கம் கூராக, துடுப்பு போட்டு ஓட்டுகிற படகு இல்லை. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களை இரண்டு வரிசையாகக் கட்டி, மேலே இரும்புக் குழாய்ச் சட்டம் அடித்து, அதன் மேல் பலகை பரப்பி, நாலு நாற்காலி போட்ட மிதவை. கூரைக்கு, கம்பெனியில் நிறம் மாறி அச்சாகி வீணாய்ப்போன ஒரு ஃபிளெக்ஸ். ஜவுளிக்கடை விளம்பரம். நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தால், ஊதா நிற முகத்தோடு ஒரு கல்யாணப்பெண் நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். வெல்டிங் பட்டறையில் ஒரு பழைய கார் அச்சை வைத்து டிரெய்லரும் செய்தாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "தெப்பம் நல்லாருக்கு அண்ணாச்சி. எந்தச் சாமிக்கு?"

அணையில் மீன் குத்தகை எடுத்தவர் அத்தானுக்கு வேண்டியவர். ஓர் ஓரமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். பாசனத்துக்கு மதகைத் திறந்துவிட்டார்கள், சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது ஒன்றுதான். படகை எந்த வண்டியில் கட்டி இழுப்பது?

இந்த இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சொந்தமாக ஒரு மொபெட் இருந்தது, அதுவும் மேட்டில் இறங்கித் தள்ளினால்தான் ஏறும். ஆனாலும் புத்தகம் படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அதைக் கலைத்ததில்லை. பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, இப்படிப்பட்ட மிதவைப் படகை இழுக்க எந்த வண்டி வாங்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். மொத்த எடை எவ்வளவு, அதில் கொக்கியின் மேல் இறங்கும் எடை எவ்வளவு, என்ஜின் எத்தனை குதிரை, ஈரக்கரையில் ஏற நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா என்று அக்குவேறு ஆணிவேறாக எழுதியிருந்தார்கள். ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் எவரும் எழுதவில்லை. பொருத்தமான வண்டி பேச்சுவார்த்தை இல்லாத தம்பியிடம் இருந்தால் என்ன செய்வது?

அத்தானின் தம்பியை நாங்கள் சின்ன அத்தான் என்போம். அணைக்குப் போகிற வழியில், ஆமத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் அவருக்கு ஒரு வெடி ஃபாக்டரி. மழை பெய்தால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு, நடக்கிறவனின் செருப்பைக்கூடத் திருப்பித் தராது. அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று வைத்திருந்தார். தண்ணீர் டேங்கை இழுக்க அதன் பின்னால் தடித்த கொக்கி ஒன்றும் போட்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் கேட்ட அத்தனையும் அந்த ஜீப்பில் இருந்தது.

அண்ணனும் தம்பியும் பேசாமல் போனது அத்தானின் மூத்த மகள் கல்யாணத்தில். எங்கள் பக்கத்தில் பந்தி போட்டால் மட்டும் போதாது. வந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், "சாப்பிட்டீகளா? வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்திலேயே பசியோடு உட்கார்ந்திருப்பார்களே தவிர, தானாக எழுந்து போய் இலை முன்னால் உட்கார மாட்டார்கள். அத்தான் அன்றைக்கு ஊரையே கூப்பிட்டார். தம்பியைக் கூப்பிடவில்லை. கூடப் பிறந்தவனை விருந்தாளி மாதிரி கூப்பிடுவார்களா என்பது அவர் நியாயம். லோடு இறக்க வந்தவனைக்கூடக் கையைப் பிடித்து அழைத்தவர் என்னை அழைக்கவில்லையே என்பது தம்பியின் நியாயம். சின்ன அத்தான் கை நனைக்காமல் போய்விட்டார். என் மகள் கல்யாணத்தில் சித்தப்பன் சாப்பிடாமல் போனான் என்று அத்தானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். இரண்டு நியாயங்கள் மோதிக்கொண்டால் அதுதான் பெரிய சோகம் என்று நான் படித்த புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு ஒரு பந்தி போதும்.

இப்போது இரண்டாவது மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்காவுக்குப் படகு மிதந்தால் என்ன, மூழ்கினால் என்ன?

"சித்தப்பன் இல்லாம என் பிள்ளை மணையில உக்காரணுமாலே?" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். "கூட்டத்துல ஒவ்வொருத்தரும் 'எங்க தம்பியைக் காணோம்'பாக. இவுக என்ன பதில் சொல்வாக? நான் போய்க் கூப்பிட்டா வருவாக. ஆனா அது நான் கூப்பிட்டதாத்தானே இருக்கும்?"

அத்தான் கூப்பிட மாட்டார். அவர் மூத்தவர். ஆகையால் ஜீப்பைத் தவிர உலகத்தில் உள்ள எல்லா வண்டிகளையும் பரிசீலித்தோம்.

முதலில் டிராக்டர். மழை பெய்தால்தான் அணை நிறையும். மழை பெய்தால்தான் டிராக்டருக்கும் வேலை வரும். "உழவு முடியட்டும் அண்ணாச்சி, பொங்கலுக்குப் பெறவு வாரேன்" என்றார் டிராக்டர்காரர்.

"பொங்கலுக்குப் பெறவு அணையில தண்ணி எங்கன இருக்கும்?"

"தண்ணி இல்லாட்டி வண்டியே வேண்டாமே அண்ணாச்சி. செலவு மிச்சம்."

அடுத்தது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. அதன் டிரைவர் படகை ஒரு சுற்று சுற்றி வந்து, தன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இதை நான் இழுக்கணுமா, இல்ல இது என்னை இழுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. சீசன் முடிந்து லாரிகள் சும்மா நின்றன. ஆனால் லாரியின் பின்பக்க உயரத்துக்கு டிரெய்லரை மாட்டினால் படகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வாடகைக்கு வேறு ஜீப் கிடைத்திருக்கும். அதை யாரும் வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை. தம்பி ஜீப் இருக்க அண்ணன் வெளி ஜீப் பிடித்தார் என்ற செய்தி நாங்கள் ஆமத்தூர் போவதற்கு முன் ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் தையில் மட்டுமல்ல, எந்த மாசத்திலும் அவர் வர மாட்டார்.

ஒவ்வொரு வண்டியும் கழிந்து போகும்போது அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வரும். "பின்னால கொக்கி வச்ச ஜீப்பு ஒண்ணு இந்தப் பக்கம் ஓடுறதாச் சொன்னாக."

"உங்க அக்காவுக்குக் காப்பி போடத் தெரியுமான்னு கேளுங்க மாப்ளே" என்பார் அத்தான்.

கடைசியில் நான் கணக்குப் போட்டேன். பீப்பாய், குழாய், பலகை, நாற்காலி, டிரெய்லர் எல்லாவற்றையும் எடை கூட்டி, அத்தானின் பழைய டீசல் அம்பாசடரே தாராளமாகப் போதும் என்று முடிவு சொன்னேன். கணக்கில் தவறில்லை. அம்பாசடரின் வயதைத்தான் எந்த இடத்திலும் சேர்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டோம். அத்தான் ஓட்ட, நான் பக்கத்தில், அக்கா பின்னால். ஊரைத் தாண்டும்வரை நன்றாகத்தான் வந்தது. அப்புறம் ரப்பர் எரிகிற மாதிரி ஒரு வாடை. ஆமத்தூரில் டீக்கடை முன்னால் கிளட்ச் முழுசாகப் போய் வண்டி நின்றுவிட்டது. படகு பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து கல்யாணப்பெண்ணை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பீப்பாயைத் தொட்டுக் கும்பிட்டார்.

பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். அத்தான் செல்போனைக் கையில் எடுத்தார், பார்த்தார், என் மடியில் வைத்தார்.

"நீங்க பேசுங்க மாப்ளே. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாதீக."

பேசினேன். "சின்ன அத்தான், ஜீப்பு கொஞ்சம் வேணுமே."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு எதுக்கு மாப்ளே ஜீப்பு? மொபெட்டைக் கட்டி இழுக்கவா?"

"இல்ல, ஒரு படகு..."

 "அவுக கேட்டாகளா?"

அத்தானைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த புளியமரத்தை, விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கனதான் நிக்கிறாக" என்றேன்.

"நிக்கட்டும். வாரேன்."

சீக்கிரமே வந்துவிட்டார். இறங்கியவர் அக்காவைப் பார்த்து, "நல்லா இருக்கீகளா மதினி?" என்றார். அண்ணனைப் பார்க்கவில்லை. டிரெய்லரைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கொக்கியில பின்னு தளர்வா இருக்குன்னு அவுககிட்டச் சொல்லுங்க மாப்ளே."

அவுக என்பவர் நாலடி தூரத்தில் நின்றிருந்தார். "பின்னு தளர்வா இருக்காம்" என்றேன்.

"கம்பி வச்சிருக்கேன்னு சொல்லுங்க."

"கம்பி இருக்காம்."

டிரெய்லரை ஜீப்பில் மாற்றி மாட்டிய பிறகும், ஆனைக்குட்டம் வரை இப்படியே போனது. ஜீப்பில் முன்னால் தம்பி, பின்னால் அண்ணன், நடுவில் நான். இருவர் பேச்சையும் மாற்றி மாற்றி ஒப்பித்து எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அக்கா ஜன்னல் வழியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈரக் கரிசல் பளபளத்தது. ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து, பீப்பாய் மிதக்கிற ஆழம் வரை டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். படகின் கூரை மறைப்பதால் ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. யாராவது தண்ணீரில் நின்று வழி சொல்ல வேண்டும். என் படகு, நான்தான் நிற்பேன் என்று அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் வழக்கம்போல நடுவில் நின்றேன்.

"வரச் சொல்லுங்க மாப்ளே."

"வரலாமாம்!" என்று கையாட்டினேன்.

"வலது பக்கம் ஒடிக்கச் சொல்லுங்க."

"வலது பக்கமாம்!"

"யாருக்கு வலது?" என்றார் சின்ன அத்தான்.

இதை நான் அத்தானிடம் கேட்டு, அவர் பதில் சொல்லி, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஜீப் வந்துகொண்டே இருந்தது. டிரெய்லர் குறுக்கே மடங்கி, அத்தான் நின்ற பக்கமாகவே திரும்பிவிட்டது. அத்தான் பின்வாங்கப் பார்த்தார். முழங்கால் வரை சேறு. காலை எடுக்க முடியவில்லை.

"ஏலே! நில்லுலே! நிறுத்துலே!"

ஜீப் அப்படியே நின்றது. என்ஜினும் அணைந்தது. சின்ன அத்தான் கதவைத் திறந்து, செருப்போடு சேற்றில் குதித்து ஓடி வந்தார்.

"என்னண்ணே, பட்டிருச்சா?"

"படலை. இன்னும் ஒரு முழம் வந்திருந்தா பட்டிருக்கும். ஒனக்கு எவன்லே லைசென்ஸ் குடுத்தான்?"

"உங்க மச்சினன்தானே வா வான்னு கையாட்டுனாக!"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவரு கையாட்டுனா நீ வந்துருவியா? அவரு கணக்கை நம்பித்தான் என் காரு ஆமத்தூர்ல கெடக்கு."

"அவுக சொல்லி அம்பாசடரைக் கட்டுனீகளா? என்னண்ணே நீங்க!"

"புஸ்தகம் படிச்சிட்டு வந்தேன்னாரு."

"புஸ்தகத்துல கிளட்ச் இருக்குமா?"

எனக்குப் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது. நியாயமான பதில்கள் இரண்டு மூன்று இருந்தன. கரையில் உட்கார்ந்திருந்த அக்கா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "நீ வாயைத் தெறக்காதலே" என்று மெதுவாகச் சொன்னாள். "நல்லாத்தான் போகுது." அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம். சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் என் உதவி தேவைப்படவில்லை. "ஒடி, ஒடி, போதும், நேரா வாலே" என்று அத்தான் நேராகவே கத்தினார். "கத்தாதீகண்ணே, காது கேக்குது" என்று தம்பியும் கத்தினார். பீப்பாய்கள் தண்ணீரைத் தொட்டன. படகு டிரெய்லரை விட்டு எழும்பி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தபடி மிதந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள்.

அக்கா எழுந்து தண்ணீர் ஓரம் வரை போனாள். "கொழுந்தனாரே, தையில சின்னவளுக்குக் கல்யாணம். தெரியுமில்ல?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சா மட்டும் போதுமா?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அத்தான் பீப்பாயில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் வழித்தார். நிமிராமலே சொன்னார்.

"மொத நாள் சாயங்காலமே மண்டபத்துக்கு வந்துருலே. வர்றவுகளைப் பந்திக்கு நீதான் கூட்டிட்டுப் போகணும். எனக்கு அது சரியா வரலை. போன கல்யாணத்துலயே பாத்தேல்ல."

சின்ன அத்தான் சாய்ந்திருந்த படகை நிமிர்த்திப் பிடித்தார்.

"சாயங்காலம் எதுக்குண்ணே? காலையிலயே வந்துருதேன்."

அத்தான் தலையை ஆட்டிவிட்டுப் படகின் மேல் ஏறப் பார்த்தார். ஈர வேட்டி காலைச் சுற்றிக்கொண்டது, ஏற முடியவில்லை. தம்பி கிட்டே போய் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.