சின்னச் சிப்பிக் கட்டத்தில் பூச்சியம்

ஒக்டோபர் கடைசியில் மிலானோவிலிருந்து நான்கு நாள் பலெர்மோ போனேன். போக வர விமானச்சீட்டு 74 யூரோ. கடற்கரை பார்க்கப் போகவில்லை, மச்சானை வேவு பார்க்கப் போனேன்.

மச்சான் அந்தோனி என் மனைவியின் அண்ணன். மன்னாரில் சங்கு குளித்தவர். இப்போது அவர் வேலை செய்யும் சிறு படகு, கடலாய்வாளர்களோடு சேர்ந்து கப்பசாந்தா என்ற விசிறிச் சிப்பியைப் பிடிக்கிறது. பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விற்கக்கூடாது. அகப்படும் எல்லாவற்றையும் அளந்து கொப்பியில் எழுத வேண்டும். மூன்று மாதமாகச் சின்னச் சிப்பிக் கட்டத்தில் பூச்சியம் மட்டுமே இருந்ததால், களவாக விற்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். படகின் அனுமதி போனால் மச்சானுக்கு வேலை போகும். வேலைக் கடிதம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் பெர்மெஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க முடியாது.

விமான நிலையத்திலிருந்து நகர நடுவிலுள்ள பொலிதேயாமாவுக்குப் பேருந்தில் ஐம்பது நிமிடம், 6.50 யூரோ. அங்கிருந்து ஒரேத்தோ பகுதியில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனேன். இறால் குழம்போடு சிரித்துக்கொண்டு வரவேற்றார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கோ அந்தச் சிரிப்பே சந்தேகத்தைக் கூட்டியது. மறுநாள் பல்லரோ சந்தையில் உள்ளங்கையிலும் சிறிய கப்பசாந்தாக்களைக் கண்டேன். எங்கே பிடித்தது என்று கேட்டதற்குக் கடைக்காரன் தோளைக் குலுக்கினான். சரி, ஆள் அகப்பட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மச்சான் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டது. ஆய்வாளரான ஓர் அம்மாவும் ஏறியிருந்தார். முதல் வலை வந்ததும் மச்சான் சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பத்து சென்டிமீட்டர் அளவு வளையத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே நுழைந்தது எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் கடலுக்குப் போனது. அந்த அம்மா அவர் கையைப் பிடித்து, இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். மச்சான் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"சங்குக்கும் இப்பிடித்தானே. வளையத்துக்கை பூந்தா உடனை கடலுக்கை போட்டிடோணும். விட்டதை எப்பிடிப் பிடி எண்டு எழுதிறது?"

நான் இத்தாலியனில் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. சின்னது எத்தனை என்று தெரிந்தால்தான் அடுத்த வருடம் எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்ல முடியும் என்றார். இரண்டாம் வலையில் எண்ணி எழுதிவிட்டுக் கடலில் விட்டோம். சின்னது பத்தொன்பது. நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. பழைய பக்கங்கள் எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டு, இன்றிலிருந்து தொடங்குங்கள் என்றார். படகின் அனுமதி பறிபோகாமல் தப்பியது.

போக நினைப்பவர்களுக்கு: படகுக்காரரிடம் இரண்டு நாள் முன்பே கேளுங்கள். தடித்த மேற்சட்டை கட்டாயம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். யார் மேலாவது சந்தேகம் வந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள். மூன்று நாள் அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டே அவரைக் கள்ளனாக நினைத்தவன் நான். வெட்கமாக இருந்தது. பேருந்து ஏற்றிவிட வந்தபோது அதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும். தங்கச்சி முதலே சொன்னவ," என்றார் மச்சான். "அதுக்குத்தான் உம்மைப் படகிலை ஏத்தினனான்."