கடைசிக் கால்மணி நேரம்

திருப்போரூரில் அம்சாவைத் தேடிப் போனால், "கேப் ஆபீஸ் அம்சாவா, ஹாக்கி அம்சாவா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். பகலில், சிறுசேரி கம்பெனிகளுக்கு வண்டி விடும் ஒரு காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர். மற்ற நேரமெல்லாம் கோவளம் மகளிர் ஹாக்கி அணியின் மேனேஜர்.

வயது நாற்பத்தொன்று. சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர் கொடுத்த ஸ்டிக்கைப் பிடித்து மாவட்ட அணி வரை ஆடினாள். இருபதில் கல்யாணம் ஆனது, ஆட்டம் நின்றது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், கோவளத்தில் ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் சௌகத் அலி தன் மகள் அலீனாவுக்காக ஓர் அணி தொடங்கினார். மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்தும் ஜெகதீசன் பங்குக்கு வந்தார். ஆட்டமும் தெரிந்து, பெண்களின் வீட்டில் போய்ப் பேசவும் தெரிந்த ஆள் வேண்டும் என்று அம்சாவைப் பிடித்தார்கள். அலீனா படிக்கக் கோயம்புத்தூர் போன பிறகும் சௌகத் பாய் அணியைக் கலைக்கவில்லை.

போன வருஷம் மாவட்ட லீகில் இரண்டாவது இடம். இந்த வருஷம் பத்து மேட்ச். ஒன்று டிரா, ஒன்பது தோல்வி.

கடைசி மேட்ச் முடிந்த அன்றைக்கே ஜெகதீசன் வாட்ஸப் குரூப்பில் போட்டார்: 'கோச்சை மாற்ற வேண்டும். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மீட்டிங்.' கோச் ஞானதாஸும் அதே குரூப்பில்தான் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். 'ஓகே சார்' என்று மட்டும் பதில் போட்டார். அதைப் பார்த்ததும் அம்சாவுக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

மறுநாள் சௌகத் அலி போன் செய்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலமா. கூடவே இருந்து எல்லாத்தையும் பாத்தது நீதான். எங்க தப்பு நடந்துச்சுன்னு எய்தி எடுத்துகினு வா. யாருக்காவும் பூசி மெழுகாத."

அம்சா பத்து மேட்ச் ஸ்கோர் ஷீட்டையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரணிகள் போட்ட கோல் இருபத்தேழு. அதில் பத்தொன்பது நாலாவது குவார்ட்டரில், அதாவது கடைசிக் கால்மணி நேரத்தில் விழுந்தவை. ஐந்து மேட்சில் மூன்றாவது குவார்ட்டர் வரை கோவளம்தான் முன்னால் இருந்தது. பெண்களுக்கு மூச்சு தாங்கவில்லை, கோச் அவர்கள் உடம்பைத் தேற்றவில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அப்படியே எழுதவும் ஆரம்பித்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஆபீசில் ஒரு புகார் வந்தது. விடியற்காலை வேன் ஒன்று தினமும் தாமதமாகிறதாம். இரவு டிரிப் பட்டியலை வேறொருவர் பார்த்துக்கொள்வதால் அம்சா அதைப் பிரித்ததே இல்லை. அன்றைக்குப் பிரித்தாள். நான்கரை மணி வேனில் ஐந்து பெயர்கள். முதல் பெயர் சிநேகா, அணியின் கேப்டன். மற்ற நால்வரும் அணிப் பெண்கள்தான். ஐவருக்கும் பகல் ஷிஃப்ட் என்றுதான் அம்சா நினைத்திருந்தாள். இறங்கும் இடம் ஐந்து பேருக்கும் ஒன்றே: காலேஜ் கிரவுண்டு. ஆறு மணிக்கு பிராக்டீஸ் நடக்கும் அதே இடம். பிப்ரவரியிலிருந்து, வாரத்தில் ஐந்து நாள்.

அன்று மாலை கேளம்பாக்கத்தில் சிநேகாவின் வீட்டுக்குப் போனாள். வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்த சிநேகா, அம்சாவின் முகத்தைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்தாள்.

"பொங்கலுக்கு அப்பால நைட் ஷிஃப்ட் போட்டுட்டாங்கக்கா. வேலைய வுட முடியாது."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"ரெண்டு நாள் பிராக்டீஸ் வரலன்னா டீம்ல எடம் கெடையாதுன்னு நீங்கதானக்கா ரூல் போட்டீங்க?"

அம்சா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தூக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

"வேன்ல கொஞ்சம். பிராக்டீஸ் முடிஞ்சு வூட்டுக்கு வந்து கொஞ்சம். கோச் சாருக்குத் தெரியாதுக்கா. சொல்லக் கூடாதுன்னு நாங்களே பேசி வச்சிட்டோம்."

வீட்டுக்கு வந்து, எழுதிய தாளைக் கிழித்துப் போட்டாள். இரண்டாவது இடம் வந்த மிதப்பில் யாரும் சோம்பேறி ஆகிவிடக் கூடாது என்று அந்த ரூலைப் போட்டது அவள்தான். காலை ஆறு மணியை முடிவு செய்ததும் அவள்தான். இரண்டையும் விட்டுவிட்டு ஷிஃப்டை மட்டும் எழுதலாம். யாரும் கேட்கப் போவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியும் யோசித்தாள். பிறகு, முதல் வரியிலேயே தன் பெயரைப் போட்டு எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெகதீசனின் லாட்ஜ் மாடியில் கூடினார்கள். ஞானதாஸ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். சாமான் அறைச் சாவியை ஒரு கவரில் போட்டு, ஒப்படைக்கத் தயாராக மேசைமேல் வைத்திருந்தார். அம்சா எழுந்து நின்று படித்தாள்.

படித்து முடித்ததும் ஜெகதீசன் கோச் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னா சார் பண்ணிகினு இருந்தீங்க? மூஞ்சியப் பாத்தாவே தெரிய வேணாமா?"

"தெரிஞ்சிருக்கணும் சார்," என்றார் ஞானதாஸ். "டயர்டா ஆடறாங்கன்னு இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட வச்சேன். நான் கேட்டிருக்கணும்."

"ரூல் போட்டது நான் சார்," என்றாள் அம்சா. "யாரயாச்சும் மாத்தித்தான் ஆவணும்னா என்ன மாத்துங்க."

ஜெகதீசன் அம்சா கொண்டுவந்திருந்த டிரிப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தன் மேனேஜர் வேலை போய்விட்டதென்றே அம்சா நினைத்துக்கொண்டாள்.

"என் லாட்ஜ்ல நைட் ரிசப்ஷன்ல ஒருத்தன் கீறான்," என்றார் கடைசியில். "காலைல எட்டு மணிக்கு ரூம் நம்பரக் கூட தப்பாத்தான் சொல்வான். இதுங்க போய் ஹாக்கி ஆடிகினு இருந்துதுங்களா?"

சௌகத் அலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோத்துப் போச்சேன்னு நான் பேஜாராயி கெடந்தேன். தூங்காமயே மூணு குவார்ட்டர் தாக்குப் புடிச்சிருக்குதுங்கமா!"

அதற்கப்புறம் அரை மணியில் எல்லாம் முடிவானது. ஞானதாஸ் இன்னொரு வருஷம் தொடர்வார். பிராக்டீஸ் சனி, ஞாயிறு மாலையும் புதன் மாலையும். லீக் நடக்கும் மாதங்களிலாவது அந்த ஐவருக்கும் பகல் ஷிஃப்ட் கேட்டு அவர்கள் கம்பெனிக்கு முதலாளிகள் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுப்பார்கள். அம்சாவின் ரூல் அன்றோடு ஒழிந்தது, அம்சா இருப்பாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் ஜெகதீசன். "அடுத்த வருஷம் நாலு மேட்சாவது ஜெயிக்கணும். அதுக்கப்புறம் எந்தக் கதையும் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் குரூப்பில் போட்டார்: 'ஞானதாஸ் சார் தொடர்கிறார்.' ஞானதாஸ் அதை இரண்டு முறை படித்தார். கவரை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீ வருமா என்று கேட்டார்.

அம்சா வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அப்போதுதான் காலையிலிருந்து சாப்பிடாதது நினைவுக்கு வர, ரோட்டோரக் கடையில் இரண்டு மசால் வடை வாங்கித் தின்றாள். சிநேகாவுக்குப் போன் போட்டாள். அவள் அம்மா எடுத்தார்.

"தூங்கிகினு கீறாமா. எழுப்பட்டா?"

"வேணாம்மா. எழுந்ததும் பேசச் சொல்லுங்க. நல்ல சேதிதான்."

இப்போது மூன்று மாதமாகிறது. ஐவரில் மூவருக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது. மற்ற இருவர் எப்போது வர முடியாது என்பதை முன்கூட்டியே அம்சாவிடம் சொல்லிவிடுகிறார்கள். அவளும் ஏன் என்று கேட்பதில்லை. நாலு மேட்ச் ஜெயிப்பார்களா என்று இனிமேல்தான் தெரியும். போன சனிக்கிழமை பிராக்டீசில் கடைசிக் கால்மணி நேரம் சிநேகா ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, போதும் நிறுத்து என்று ஞானதாஸே விசில் ஊத வேண்டியிருந்தது.